லினக்ஸ் கர்னலில் அலகுச் சோதனை: கேயூனிட் கட்டமைப்பின் இயக்கமும் பங்களிப்பு நெறியும்

ஆய்வுச்சுருக்கம்

லினக்ஸ் கர்னலின் தனித்தனிச் செயற்கூறுகளைச் சோதிப்பதற்கு உருவாக்கப்பட்ட கேயூனிட் என்னும் கட்டமைப்பின் அமைப்பையும், அதனை இயக்கும் முறையையும், அதில் புதிய சோதனைகளைச் சேர்ப்பதற்கான நெறிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் கால முத்திரையைச் சரிபார்க்கும் சோதனை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அலகுச் சோதனையின் பயன் புதிய பிழைகளைக் கண்டறிவதோடு முடிவதில்லை. முன்பு அரிதின் அறியப்பட்ட ஓர் உண்மையைப் பின்வரும் மாற்றங்கள் அழித்துவிடாமல் காப்பதே அதன் முதன்மைப் பணி என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: லினக்ஸ் கர்னல், அலகுச் சோதனை, கேயூனிட், யூசர் மோட் லினக்ஸ், கால முத்திரை, திறந்த மூலப் பங்களிப்பு.

1. முன்னுரை

கணினியின் வன்பொருளுக்கும் பயனர் நிரல்களுக்கும் இடையே நின்று நினைவகம், செயலி, கோப்புகள், சாதனங்கள் ஆகியவற்றைப் பகிர்ந்தளிக்கும் மையப் பகுதியே கர்னல் எனப்படும். தமிழில் இதனைக் கருனி என்றும் வழங்குவர். 1991 ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கர்னல், இன்று கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை பல்வகைக் கருவிகளில் இயங்குகிறது. ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பல்லாயிரம் மாற்றங்கள் சேர்கின்றன.

இத்தகைய வேகத்தில் மாறும் நிரலில், ஒருவர் திருத்திய பிழையை மற்றொருவர் அறியாமலே மீண்டும் கொண்டுவந்துவிடும் வாய்ப்பு என்றும் உண்டு. திருத்தியவர் அப்பணியை விட்டு நீங்கியிருக்கலாம்; திருத்தத்திற்கான காரணம் பழைய குறிப்புகளுக்குள் புதைந்திருக்கலாம். அக்காரணத்தை நிரலோடு பிணைத்து, ஒவ்வொரு முறையும் இயந்திரமே சரிபார்க்கும்படி செய்வது அலகுச் சோதனையாகும்.

2. கர்னலைச் சோதிப்பதில் உள்ள இடர்

ஒரு நிரலின் மிகச்சிறிய பகுதியை, பெரும்பாலும் ஒரே செயற்கூற்றை, பிற பகுதிகளிலிருந்து பிரித்துத் தனியே சோதிப்பது அலகுச் சோதனை. பயனர் நிரல்களில் இம்முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. கர்னலில் இதனை நடைமுறைப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, கர்னலின் செயற்கூறுகள் பல, தாம் எழுதப்பட்ட கோப்புக்கு வெளியே புலப்படாதவை. பயனர் நிரலிலிருந்து அவற்றை நேரே அழைக்க இயலாது. இரண்டாவது, கர்னலில் நேரும் ஒரு பிழை கணினி முழுவதையும் நிலைகுலையச் செய்யும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் கணினியை மறுபடி தொடங்க வேண்டிய நிலை இருந்தது. மூன்றாவது, பல செயற்கூறுகள் குறிப்பிட்ட வன்பொருள் இருந்தால் மட்டுமே இயங்கும்.

லினக்ஸில் முன்பே உள்ள கேசெல்ஃப்டெஸ்ட் என்னும் சோதனைத் திரட்டு, பெரும்பாலும் பயனர் நிரல்களின் வழியாகக் கர்னலைச் சோதிக்கிறது. அமைப்பு அழைப்புகள் உரியவாறு விடையளிக்கின்றனவா என்பதை அது நன்கு காட்டும். ஆயினும் அந்த விடையை உருவாக்கிய உள் செயற்கூறுகளுள் எது தவறியது என்பதைச் சுட்டுவது அதற்கு எளிதன்று. கட்டடத்தின் கதவைத் தட்டிப் பார்ப்பதற்கும் சுவரின் ஒவ்வொரு செங்கல்லையும் எடுத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இவ்விரு முறைகளும் ஒன்றற்கொன்று துணையானவை.

3. கேயூனிட்டின் தோற்றமும் அமைப்பும்

கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஹிக்கின்ஸ், 2018 அக்டோபரில் கேயூனிட்டின் முதல் வரைவைக் கர்னல் உருவாக்குநர்களின் கருத்துக்கு முன்வைத்தார். பல சுற்றுத் திருத்தங்களுக்குப் பின்னர், 2020 ஜனவரி 26 அன்று வெளியான 5.5 பதிப்பில் அது கர்னலின் பகுதியாயிற்று.

கேயூனிட் சோதனைகள் கர்னலுக்குள்ளேயே, கர்னலின் ஒரு பகுதியாக நிரல்பெயர்க்கப்படுகின்றன. இதனால் கர்னலின் உள் செயற்கூறுகளை அவை நேரடியாக அழைக்க முடிகிறது. மேற்கூறிய முதல் இடர் இவ்வாறு நீங்குகிறது. பிற இரு இடர்களையும் களைவதில் யூசர் மோட் லினக்ஸ் துணைநிற்கிறது. இது லினக்ஸ் கர்னலையே ஒரு சாதாரணப் பயனர் நிரலாக இயங்கச் செய்யும் வடிவம். ஜெஃப் டைக் உருவாக்கியது. இவ்வடிவில் கட்டமைக்கப்பட்ட கர்னல், இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கணினியில் மற்றுமொரு நிரலாகத் தொடங்கி, சோதனைகளை நடத்தி, சில வினாடிகளில் முடிந்துவிடும். அது நிலைகுலைந்தாலும் அந்நிரல் ஒன்றே நிற்கும். கணினிக்கு யாதொரு தீங்கும் நேராது. தனி வன்பொருளோ இரண்டாவது கணினியோ தேவையில்லை. கல்லூரி ஆய்வகத்தில் உள்ள ஒரு சாதாரண லினக்ஸ் கணினியே போதுமானது என்பது கற்பிப்போர் கருதத்தக்க செய்தி.

4. இயக்கும் முறை

கர்னலின் மூல நிரலில், கருவிகளுக்குரிய அடைவின் கீழ் கேயூனிட்டுக்கென ஒரு பைத்தான் நிரல் உள்ளது. அதற்கு ‘ரன்’ என்னும் கட்டளையைத் தந்தால் நான்கு படிகள் அடுத்தடுத்து நிகழ்கின்றன.

முதற்படி அமைவாக்கம். எந்தெந்தப் பகுதிகளும் சோதனைகளும் கர்னலில் இடம்பெற வேண்டும் என்பதை ஒரு சிறு அமைவுக் கோப்பு தெரிவிக்கிறது. எக்ஸ்ட்4 போன்ற பல உட்பிரிவுகள் தமக்கெனத் தனி அமைவுக் கோப்பை வைத்துள்ளன. அதனைச் சுட்டினால் அவ்வுட்பிரிவின் சோதனைகள் மட்டும் நடைபெறும். இரண்டாம் படி கட்டமைப்பு. இதில் கர்னல் நிரல்பெயர்க்கப்படுகிறது. இதற்கெனத் தனி அடைவு பயன்படுவதால் பயனரின் பிற கட்டமைப்புகள் கலைவதில்லை. ஆயினும், மூல அடைவிலேயே முன்பு கர்னலைக் கட்டமைத்திருந்தால் அதன் எச்சங்களை முற்றாகத் துடைத்த பின்னரே இப்படி நிறைவேறும். தொடக்கநிலையினர் பலர் முதலில் தடுமாறும் இடம் இதுவே.

மூன்றாம் படி இயக்கம். கட்டமைக்கப்பட்ட கர்னல் தொடங்கிச் சோதனைகளை ஒவ்வொன்றாக நடத்துகிறது. நான்காம் படி பகுப்பாய்வு. கர்னல் வெளியிடும் முடிவுகளைப் பைத்தான் நிரல் படித்து, வெற்றி, தோல்வி, தவிர்ப்பு, நிலைகுலைவு என வகைப்படுத்திக் காட்டுகிறது. இம்முடிவுகள் கேடாப் என்னும் உரை வடிவில் அமைகின்றன. பெர்ல் மொழிக்காக 1987 ஆம் ஆண்டு தோன்றிய டாப் என்னும் எளிய வடிவத்தின் கர்னல்வழித் திரிபு இது. மனிதரும் இயந்திரமும் ஒருங்கே படிக்கத்தக்க வடிவமாக இருப்பதால், தானியங்கிச் சோதனை அமைப்புகளும் இதனை எளிதில் கையாள்கின்றன.

குறிப்பிட்ட செயலி வகைக்குரிய நிரலைச் சோதிக்க வேண்டுமாயின், அவ்வகையைக் கட்டளையில் குறிப்பிட்டால் கியூஎமு என்னும் பின்பற்றி நிரலின் மீது கர்னல் இயங்கும். உண்மையான கணினியில் மாட்யூலாக ஏற்றியும் சோதனைகளை நடத்தலாம். அப்போது, சோதனை நடந்தமைக்கான அடையாளத்தைக் கர்னல் தன்மீது பதித்துக்கொள்கிறது. அன்றாடப் பணிக்குரிய கணினியில் சோதனைகளை இயக்கலாகாது என்பதற்கான எச்சரிக்கையாக இதனைக் கொள்ளலாம்.

5. சோதனையின் உறுப்புகள்

கேயூனிட் சோதனை சி மொழியில் எழுதப்படும். ஒவ்வொரு சோதனையும் ஒரு செயற்கூறு. தொடர்புடைய சோதனைகள் ஓர் அணியில் வரிசைப்படுத்தப்பட்டு, ஒரு சோதனைத் தொகுப்பாகப் பதிவு செய்யப்படுகின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் இயங்க வேண்டிய ஆயத்தச் செயற்கூறுகளையும் அத்தொகுப்பில் குறிப்பிடலாம்.

சரிபார்ப்பு இருவகைப்படும். ஒன்று எதிர்பார்ப்பு. இரு மதிப்புகள் சமமாக இருக்கும் என எதிர்பார்த்து, அவ்வாறு இல்லையெனில் தோல்வியைப் பதிந்துவிட்டுச் சோதனை மேலும் தொடரும். மற்றொன்று உறுதிப்பாடு. இது பொய்த்தால் அச்சோதனை அவ்விடத்திலேயே நின்றுவிடும். நினைவகம் கிடைக்காதபோது, கிடைத்ததாகக் கொண்டு மேற்செல்வது நிலைகுலைவில் முடியும். அங்கு உறுதிப்பாடு வேண்டும். கிடைத்த நினைவகத்தில் உள்ள பல மதிப்புகளை ஒப்பிடும் இடத்தில் எதிர்பார்ப்பே தகும். ஏனெனில், ஒரே இயக்கத்தில் எல்லாத் தவறுகளும் வெளிப்படுவது பிழை தேடுவோருக்கு உதவும்.

ஒவ்வொரு சோதனையும் கர்னலுக்குள் தனி இழையில் இயங்குகிறது. எனவே ஒன்று பாதியில் நின்றாலும் அடுத்தது தொடங்கும். சோதனைக்கெனப் பெறப்பட்ட நினைவகத்தைக் கேயூனிட்டின் வழியாகப் பெற்றிருந்தால், சோதனை எவ்வாறு முடிந்தாலும் அது தானாக விடுவிக்கப்படும். ஒரே செயற்கூற்றைப் பல உள்ளீடுகளுடன் சோதிப்பதற்கு அளவுருச் சோதனை என்னும் வசதி 5.11 பதிப்பில் சேர்க்கப்பட்டது. உள்ளீடுகளையும் உரிய விடைகளையும் ஓர் அட்டவணையாகத் தந்தால், அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் தனிச் சோதனையாகக் கணக்கிடப்படும்.

6. ஒரு சான்று: எக்ஸ்ட்4 கால முத்திரை

கேயூனிட்டுடன் 5.5 பதிப்பிலேயே இடம்பெற்ற சோதனைகளுள் ஒன்று, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் கால முத்திரையைப் படிக்கும் செயற்கூற்றைச் சரிபார்ப்பது. அலகுச் சோதனையின் இயல்பை விளக்க இது மிகவும் பொருந்துகிறது.

ஒரு கோப்பு எப்போது மாற்றப்பட்டது என்பதை, 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளின் எண்ணிக்கையாகக் கோப்பு முறைமை குறித்துவைக்கிறது. குறியுடைய 32 பிட் எண்ணாக அதனை எழுதினால், 1901 டிசம்பர் 13 முதல் 2038 ஜனவரி 19 வரையுள்ள காலத்தை மட்டுமே குறிக்க முடியும். இக்குறையைப் போக்க, எக்ஸ்ட்4 மற்றொரு 32 பிட் புலத்தைச் சேர்த்துக்கொண்டது. அதில் 30 பிட்டுகள் நானோவினாடிக்கு உரியவை. எஞ்சிய 2 பிட்டுகள் வினாடி எண்ணின் எல்லையை விரிக்கின்றன. இவ்வகையில் 34 பிட்டுகள் கிடைக்கவே, 2446 மே 10 வரை குறிக்க இயல்கிறது. ஏறத்தாழ 68 ஆண்டுகள் கொண்ட எட்டுக் காலப்பகுதிகளாக இந்நெடும் பரப்பு பிரிகிறது.

கருத்தளவில் எளிதாகத் தோன்றும் இம்முறையில் ஒரு நுண்ணிய பிழை நெடுங்காலம் இருந்தது. குறியுடைய 32 பிட் எண்ணை 64 பிட்டாக விரிக்கும்போது, அது எதிர்ம எண்ணாயின் மேலுள்ள 32 பிட்டுகளும் 1 என நிரம்பிவிடும். பழைய நிரல், கூடுதலான 2 பிட்டுகளை அதனுடன் ‘அல்லது’ என்னும் பிட் செயலியால் இணைத்தது. ஏற்கெனவே எல்லாம் 1 ஆக உள்ள இடத்தில் இச்செயலி எதனையும் மாற்றாது. அதன் விளைவாக, 2038 ஜனவரி 19 ஐ அடுத்துவரும் 68 ஆண்டுகளுக்குரிய முத்திரைகள் 1970 க்கு முந்தைய நாள்களாகப் படிக்கப்பட்டன. பிந்தைய இரு காலப்பகுதிகளுக்கும் இதே நிலை நேர்ந்தது. பிட் செயலியின் இடத்தில் கூட்டலை வைத்துப் பின்னர் இது திருத்தப்பட்டது.

பிழையின் தடம் அத்துடன் முடிந்துவிடவில்லை. 64 பிட் கணினிகளில் பழைய கர்னல்கள், 1901 முதல் 1969 வரையுள்ள நாள்களை எழுதும்போது கூடுதலான இரு பிட்டுகளையும் 1 என்றே பதிந்திருந்தன. திருத்தப்பட்ட முறைப்படி இவை 2310 ஐ அடுத்த காலத்தைக் குறிப்பனவாகும். கோப்பு முறைமையைச் சரிசெய்யும் கருவி இவற்றைத் திருத்தும் என்றும், அதனை 2242 ஆம் ஆண்டுக்கு முன் இயக்க வேண்டும் என்றும் மூல நிரலின் குறிப்புரை கூறுகிறது. வட்டில் ஒருமுறை எழுதப்பட்ட பிழை, நிரல் திருந்திய பின்னரும் தரவில் வாழும் என்பதற்கு இது தக்க சான்று.

கேயூனிட் சோதனை இப்பிழையைக் கண்டுபிடிக்கவில்லை. கேயூனிட் தோன்றுவதற்கு முன்பே பிழை திருத்தப்பட்டுவிட்டது. சோதனை செய்தது வேறொரு பணி. காலப்பகுதிகளின் எல்லைகள் பல அட்டவணையாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய வினாடி எண் எதிரே வைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வரிசையின் பெயரிலும் நாளும், அது மேல் எல்லையா கீழ் எல்லையா என்பதும், எந்தப் பிட்டுகள் 1 ஆக உள்ளன என்பதும் சொல்லப்பட்டுள்ளன. நாளை ஒருவர் விரைவுக்காகவோ எளிமைக்காகவோ கூட்டலை மீண்டும் பிட் செயலியாக மாற்றுவாராயின், 2038 ஜனவரி 19 என்னும் பெயருடைய வரிசை தோல்வியுறும். அந்நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

7. நல்ல சோதனையின் இலக்கணம்

மேற்காட்டிய சான்றிலிருந்து நல்ல சோதனைக்குரிய பண்புகள் சிலவற்றைத் தொகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, எல்லைகளைச் சோதித்தல். இரு காலப்பகுதிகள் சந்திக்கும் இடத்திலேயே பிழை பதுங்கும். நடுவில் உள்ள ஒரு நாளைச் சோதித்தால் எங்கு பகுதி மாறுகிறது என்பது புலப்படாது. இரண்டாவது, விடையின் தற்சார்பு. எதிர்பார்க்கப்படும் விடையைச் சோதிக்கப்படும் செயற்கூற்றின் அதே கணக்கீட்டால் பெற்றால், இரண்டும் ஒரே தவற்றைச் செய்து ஒத்துப்போகும். விடை வேறு வழியில் பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். மூன்றாவது, பெயரின் தெளிவு. தோல்விச் செய்தியைப் படிப்பவர் சோதனையை எழுதியவராக இருக்கமாட்டார். பெயரே அவருக்கு நிலைமையை உணர்த்த வேண்டும்.

நான்காவது, தோல்வியுறும் திறன். எந்நிலையிலும் வெற்றியே காட்டும் சோதனை எதனையும் மெய்ப்பிப்பதில்லை. ஆகவே, சோதனையை எழுதியபின் செயற்கூற்றில் வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைத்து, சோதனை தோற்கிறதா எனப் பார்த்துவிட்டு அதனை நீக்குதல் நலம். ஐந்தாவது, விரைவு. காலக் கணக்கீட்டுக்கான மற்றொரு கேயூனிட் சோதனை, 1970 ஐ மையமாகக் கொண்ட 1,60,000 ஆண்டுகளின் ஒவ்வொரு நாளையும் சரிபார்க்கிறது. அது பயனுடையதே, ஆனால் ஒவ்வொரு சிறு திருத்தத்திற்கும் அதனை இயக்குவது உருவாக்குநரின் பொறுமையைச் சோதிக்கும். இத்தகையவற்றுக்கு ‘மெதுவானது’ என்னும் பண்பைக் குறித்து, வேண்டும்போது வடிகட்டிவிடும் வசதி உள்ளது.

8. பங்களிப்பு நெறி

புதிய சோதனையைக் கர்னலில் சேர்க்க விழைவோர் பின்பற்ற வேண்டிய நெறிகள் சில உள. சோதனைக் கோப்பின் பெயர், அது கேயூனிட் சோதனை என்பதைக் காட்டும் பின்னொட்டுடன் அமைய வேண்டும். கோப்பின் முதல் வரியில் உரிமக் குறிப்பு இடம்பெற வேண்டும். சோதனைக்கென ஓர் அமைவுத் தெரிவு உருவாக்கப்படுதல் வேண்டும். அது கேயூனிட்டையும் சோதிக்கப்படும் பகுதியையும் சார்ந்திருப்பதோடு, எல்லாச் சோதனைகளையும் இயக்குக என்னும் பொதுத் தெரிவுக்கு இயைந்து தானே இயங்கத்தக்கதாகவும் அமைய வேண்டும். இதனைத் தவறவிட்டால், சோதனை கர்னலில் இருந்தும் எவரும் அதனை இயக்காத நிலை உண்டாகும்.

மாற்றம், கிட் கருவியால் பேட்ச் வடிவில் ஆக்கப்படுகிறது. அதனுடன் வரும் விளக்கவுரை, என்ன செய்யப்பட்டது என்பதைவிட ஏன் செய்யப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். அதன் இறுதியில் பங்களிப்பவர் தம் பெயரால் ஒப்பமிடுவார். அந்நிரலை அளிக்கும் உரிமை தமக்கு உண்டு என்பதற்கான சான்றுரை அது. 2004 முதல் இவ்வழக்கம் நிலவுகிறது. நடைப் பிழைகளைக் காட்டும் ஒரு கருவியும், எவரிடம் அனுப்ப வேண்டும் எனக் கூறும் ஒரு கருவியும் மூல நிரலுடனேயே கிடைக்கின்றன. பேட்ச் வெற்று உரை மின்னஞ்சலாகச் செல்லும். கேயூனிட்டின் பராமரிப்பாளர்களோடு, சோதிக்கப்படும் உட்பிரிவின் பராமரிப்பாளர்களும் அதனைப் படிப்பர். திருத்தம் கோரப்படுவது இங்கு இயல்பு. திருத்திய வடிவத்தை இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என எண்ணிட்டு, முந்தையதிலிருந்து மாறியவற்றைக் குறித்து அனுப்புவது மரபு.

கர்னல் பணிக்குப் புதியவர்களுக்குச் சோதனை எழுதுதல் தகுந்த நுழைவாயிலாக அமைகிறது. கர்னலின் நடத்தையை அது மாற்றுவதில்லை. ஆகவே தீங்கு நேரும் அச்சம் குறைவு. அதே வேளையில், செயற்கூற்றின் பொருளை எழுத்தெண்ணி அறியாமல் அதற்குச் சோதனை எழுத இயலாது. கற்றலும் பங்களித்தலும் ஒரே செயலாகும் வாய்ப்பு இதில் உள்ளது.

9. வரம்புகள்

அலகுச் சோதனை எல்லாவற்றுக்கும் விடையன்று. யூசர் மோட் லினக்ஸில் உண்மையான சாதனங்கள் இல்லை. வன்பொருளின் குறுக்கீடுகளும் அவற்றின் காலநேரப் பிணக்குகளும் அங்கு அவ்வாறே தோன்றுவதில்லை. பல செயலிகள் ஒரே தரவை ஒருங்கே அணுகும்போது விளையும் பிழைகளை ஒரு செயற்கூற்றைத் தனித்து இயக்கிக் கண்டறிவது அரிது. செயற்கூறுகள் தனித்தனியே சரியாக இருந்தும், அவை இணையும் இடத்தில் பிழை நேரலாம். எனவே கேசெல்ஃப்டெஸ்ட், உண்மையான வன்பொருளில் செய்யப்படும் சோதனைகள், நினைவகப் பிழைகளைக் கண்காணிக்கும் கருவிகள் ஆகியவற்றோடு சேர்த்தே கேயூனிட்டை மதிப்பிட வேண்டும். சோதனை வெற்றி பெற்றது என்பதற்கு, எழுதப்பட்ட எதிர்பார்ப்புகள் நிறைவேறின என்பதே பொருள். எழுதப்படாத எதிர்பார்ப்புகளைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

10. முடிவுரை

கர்னலுக்குள்ளேயே இயங்குதல், பயனர் நிரலாகத் தொடங்கும் கர்னலைப் பயன்படுத்துதல், எளிய உரை வடிவில் முடிவுகளைத் தருதல் ஆகிய மூன்றாலும் கேயூனிட், கர்னலின் அலகுச் சோதனையை அன்றாடப் பணியாக்கியுள்ளது. எக்ஸ்ட்4 சான்று காட்டுவதுபோல், ஒரு கோப்பில் பதிந்த நாள் பல தலைமுறைகளுக்குப் பின்னரும் சரியாகப் படிக்கப்பட வேண்டும். அதனை எழுதியவரும் திருத்தியவரும் அன்று இருக்கமாட்டார்கள். ஆவணங்களையும் சுவடிப் படிமங்களையும் கணினியில் சேமித்துக் காக்கும் எத்துறைக்கும் இஃது அயலான செய்தியன்று. அவர்கள் அறிந்ததை அவர்களுக்குப் பின்னரும் நிரலின் பக்கத்தில் நிறுத்திவைப்பது சில வரிகளில் அமைந்த ஒரு சோதனையே. அச்சில வரிகளை எழுதுவதற்கு வேண்டுவன ஒரு கணினியும், ஒரு செயற்கூற்றை முழுமையாகப் புரிந்துகொள்ளும் பொறுமையும் ஆகும்.